இப்பெயரில் இங்கு எவரும் இல்லை

அந்த வீட்டுக்குக் குடிபோன முதல் வாரமே ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அனுப்பியது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. உங்கள் நல்ல நாளில் எல்லா ஃபிரேம்களுக்கும் இருபது சதவீதத் தள்ளுபடி என்று பலூன் படம் போட்டு அச்சடித்திருந்தார்கள். முத்திரைக்காரர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அன்று பிறந்தநாளும் இல்லை, அது அவர் பெயரும் இல்லை.

"முன்னாடி இருந்தவருக்கு வந்திருக்குங்க," என்றாள் மனைவி. "எடுத்து வைப்போம். என்னைக்காவது வந்து கேட்டா குடுத்துரலாம்."

ஜன்னல் மேடையில் வைத்தாள். அடுத்த வாரம் அதன்மேல் மூன்று கவர் சேர்ந்தது. மாதம் முடிவதற்குள் ஜன்னல் மேடை போதாமல் பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் பழுப்புக் கவர்கள். முகவரி தெரிவதற்கு முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டியவை. வண்டிக் கடன், சோபா தவணை, நின்ற இடத்திலேயே ஓடிப் பழகும் உடற்பயிற்சி இயந்திரத்துக்கான தவணை, எதற்கென்றே தெரியாத ஒரு கடன். ஆள் மட்டும் இல்லை. எங்கே போனார் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

"நல்ல மனுஷன்தான்," என்றார் வீட்டுக்காரர். "கையி கொஞ்சம் தாராளம்."

வாடகை ஏன் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு என்பது அப்போதுதான் இவர்களுக்குப் புரிந்தது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் அதில் பாதி வராது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

முத்திரைக்காரர் என்று எல்லோரும் அழைப்பது அவர் தொழிலை வைத்துத்தான். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடையில் முப்பத்தோரு வருஷமாக ரப்பர் முத்திரை செய்கிறார். முதலாளி முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பார். இவர் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எழுத்து பதிந்த தகட்டை விளக்குப் பெட்டியில் வைத்து எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கத்தரித்துக் கைப்பிடியில் ஒட்டுவார். "ஒரு நாளைக்கு நாலு டாக்டர், ரெண்டு வக்கீல் உண்டாக்குறேன். எந்தக் கல்லூரிலயும் இந்த வேகம் கிடையாது," என்பார். சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த நகைச்சுவை நின்றுவிடும்.

மனைவிக்கு வீட்டிலேயே வேலை. சட்டைத் தொழிற்சாலையிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூட்டை வரும். பொத்தான் தைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்க வேண்டும். வீடு மூன்றாம் மாடி. இடது முட்டி தேய்ந்துபோனதால் அவசியம் இல்லாமல் அவள் கீழே இறங்குவதில்லை. ஆகவே கடன்காரர்களின் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறபோதெல்லாம் திறக்க வேண்டியவள் அவள்தான்.

மாதத்தின் முதல் வாரம் தவறாமல் வருகிறவனுக்கு அவள் ஹெல்மெட் என்று பெயர் வைத்திருந்தாள். தலையிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை.

"சார் இருக்காரா?"

"எந்த சார்?"

"எத்தனை சாரும்மா இருக்காங்க இந்த வீட்ல?"

"ஒருத்தர்தான். வேலைக்குப் போயிருக்கார். நீங்க தேடுற சார் போயி நாலு மாசம் ஆச்சு."

"எல்லா வீட்லயும் இதத்தாம்மா சொல்றாங்க. இல்லாத ஆளுக்கு எதுக்கு வாசல்ல செருப்பு?"

"அது என் வீட்டுக்காரரு செருப்புங்க."

"அப்ப அவரு வெறுங்காலோடயா வேலைக்குப் போயிருக்காரு?"

"ஷூ போட்டுக்கிட்டுப் போயிருக்கார். கால் அளவு சொல்லட்டுமா? உங்க ஆளு அளவோட வச்சுப் பாத்துக்கிறீங்களா?"

முதல் சில தடவை அவளால் இப்படிப் பேச முடிந்தது. பிறகு அவன் படிக்கட்டிலிருந்தே குரல் கொடுக்கத் தொடங்கினான். வாங்கத் தெரிஞ்சவனுக்குக் கட்டத் தெரியாதா என்று முதல் மாடியில் ஆரம்பித்தால் மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் மூன்று தளத்துக் கதவும் ஒரு விரற்கடை திறந்திருக்கும். வாடகை ஒப்பந்தத்தை லேமினேட் செய்து வாசலிலேயே மாட்டி வைத்திருந்தாள். "இத எவன் வேணா அடிச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அன்று சட்டை மூட்டையோடு தொழிற்சாலை மேஸ்திரியும் படியில் நின்றிருந்தார். அதுவரை மூட்டையாகக் கொடுத்து மூட்டையாக வாங்கியவர், அன்றிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார். அவள் அதைக் கணவரிடம் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னாள்.

அவர் ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "என்ன கேட்டாலும் பதில் சொல்லு. உன் பேரை மட்டும் சொல்லாத. ஒரு பேரு காகிதத்துல ஏறிட்டா அப்புறம் இறக்க முடியாது. நான் முப்பது வருஷமா பாக்குறேன்."

தபால்காரரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "டப்பால சேத்து வச்சீங்கன்னா ஆளு இருக்காருன்னு அர்த்தம்மா. ஆள் இல்லைன்னு மேல எழுதி மறுபடி தபால் பெட்டில போட்ருங்க. சலிச்சுப் போயி அவங்களே நிறுத்திருவாங்க."

அவள் எழுத ஆரம்பித்தாள். பொத்தான் வேலை முடிந்த பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவரிலும் முகவரியைக் கடைசி எழுத்துவரை படித்து, கீழே எழுதுவாள். 'ஐயா, இவர் இங்கே இல்லை. நாங்கள் புதிதாக வந்தவர்கள். எங்களுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்.' ஒவ்வொன்றிலும் அவ்வளவும் எழுதுவாள். தயவுசெய்து என்பதைச் சுருக்கியதே இல்லை.

எழுத எழுத அந்த ஆள் அவளுக்குத் தெரிந்தவராகிப் போனார். 'மகராசன்' என்று பெயர் வைத்தாள்.

"நாம குடிவந்த வாரத்தோட மகராசனுக்கு நாப்பத்தி ரெண்டு முடிஞ்சிருச்சு."

"கேக் வாங்கிட்டு வரட்டுமா?"

"சிரிக்காதீங்க. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு அட்டை. பொண்ணுக்கு ரெண்டு தவணை கட்டலையாம், பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சோ."

பிறகு தூக்கம் போனது. நடுவில் எழுந்து உட்கார்ந்து, "நம்மளும் ஒருநாள் இப்படித்தான் எதையாவது விட்டுட்டு ஓடிருவோமோ?" என்று கேட்பாள். கடன் வாங்காதவர்கள் எதற்கு ஓட வேண்டும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இது அவர்களுக்குப் பதினோராவது வாடகை வீடு. பத்து வீட்டையும் அவர்கள் விட்டு வந்ததில்லை, விடச் சொன்னதால் வந்தார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீட்டை விற்கிறோம், இடிக்கிறோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். அவள் அந்த வீடுகளைக் குழாய்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். சொட்டுகிற குழாய், சுடுகிற குழாய், தலைகீழாகத் திருப்ப வேண்டிய குழாய்.

அவளுடைய நம்பிக்கை முழுதும் ஒரு விண்ணப்பத்தில் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், முட்டி நன்றாக இருந்த காலத்தில், வீட்டு வசதி அலுவலகத்தில் நாள் முழுக்க வரிசையில் நின்று அவளே கொடுத்துவிட்டு வந்தது. பெண்கள் பெயரில் போட்டால் முன்னுரிமை என்றார்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி, அப்பா பெயரும் சேர்ந்த முழுப்பெயரில் போட்டாள். ஒரு அறை, சமையலறை, குளியலறை. பேருந்து போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் கட்டுகிறார்கள். தவணையும் இப்போது கொடுக்கும் வாடகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "குழாய் சொட்டுனா நாமளே மாத்திக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம்," என்பாள்.

இந்த வீட்டுக்கு வந்த ஐந்தாம் மாதம் குலுக்கல் நடந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவள் விண்ணப்ப எண் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்தான். மூன்று மாடியும் மூச்சுவிடாமல் ஏறி வந்து, பேச முடியாமல் எண்ணை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். புது முகவரியை அவள் மறக்காமல் முன்பே அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தாள். இனிக் கடிதம் வரும். வந்த முப்பது நாளுக்குள் அசல் காகிதங்களோடு நேரில் போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த சந்தோஷத்தில்தான் அவர் அவளுக்கு ஓர் உபகாரம் செய்தார்.

கடையில் ஒரு பெரிய ஆர்டர் போக மிஞ்சிய தகட்டுத் துண்டில், நல்ல தடித்த எழுத்தில், சுற்றிலும் கட்டம் கட்டி ஒரு முத்திரை செய்தார். 'இப்பெயரில் இங்கு எவரும் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.' துண்டு கொஞ்சம் போதாமல் கட்டத்தின் வலது கீழ்மூலை மூடாமல் நின்றது. சொந்த உபயோகத்துக்குத்தானே என்று விட்டுவிட்டார்.

"இனிமே நீ ஒன்னயும் பாக்க வேண்டாம்," என்றார். "பிஸ்கட் டப்பால பிஸ்கட் போடு. கீழ பெட்டிலேர்ந்து நானே எடுத்துட்டுப் போயி, கடைல குத்தி, எதிர்ல இருக்கிற தபால் பெட்டில போட்டுர்றேன். மகராசனுக்கும் உனக்கும் இன்னையோட தீந்துது."

அவள் நிஜமாகவே நிம்மதியானாள். இரண்டு வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது.

காலையில் கிளம்பும்போது முந்தைய நாள் தபாலைப் பெட்டியிலிருந்து அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். கடையைக் கூட்டி, விளக்குப் பெட்டியைப் போட்டுவிட்டு, அது சூடாகும் நேரத்தில் கவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைப்பார். தன் பெயர் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார். மற்றதையெல்லாம் குத்துவார். பத்துக் கவருக்கு அரை நிமிஷம் ஆகாது. முப்பத்தோரு வருஷம் குத்திப் பார்த்த கை அது. ஒரு எழுத்துக்கூட மங்கலாக விழாது.

ஒரு மாதமாகியும் கடிதம் வரவில்லை. அரசாங்கக் காரியம் என்றார்கள். இரண்டாம் மாதமும் போனது. அவள் அசல் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கி, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள். "நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துரலாங்க," என்றாள் ஒருநாள். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

அலுவலகத்தில் மூன்றாவது கவுண்டர். எழுத்தர் அம்மாள் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஒரு கோப்போடு வந்தார்.

"இது முடிஞ்சு போச்சேம்மா."

"முடிஞ்சுன்னா? கிடைச்சிருச்சுங்களா?"

"அடுத்தவங்களுக்குப் போயிருச்சு. உங்களுக்குக் கடிதம் அனுப்பினோம், திரும்பி வந்துட்டுது. நீங்க அந்த விலாசத்துல இல்லையே?"

"அங்கதாங்க இருக்கோம். ஒரு நாளும் வெளியூர்கூடப் போகலை."

"இல்லைன்னு முத்திரையே போட்டு வந்திருக்கேம்மா. பாருங்க."

கவுண்டர் ஓட்டை வழியாகக் கவரைத் தள்ளினார். பழுப்புக் கவர். கண்ணாடித்தாளுக்குள் அவள் பெயர், சான்றிதழில் உள்ளபடி, அப்பா பெயரோடு முழுசாக இருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் நேராக, மங்கல் இல்லாமல் ஒரு முத்திரை. கட்டத்தின் வலது கீழ்மூலை மூடாமல் நின்றது.

முத்திரைக்காரர் கை கவரிடம் போய், தொடாமல் திரும்பி வந்தது.

"பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"ஆயிரத்து இருநூறு பேருக்குப் பதிவுத் தபாலா? அதுக்கு யாரு சார் நிதி ஒதுக்குறது? யாரு இத போட்டாங்கன்னு உங்க தபால் ஆபீஸ்ல போயி சண்டை போடுங்க."

"நான்தான் போட்டேன்."

எழுத்தர் அம்மாள் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"வீட்டுக்காரர். இவங்களுக்கு."

"சொந்தப் பொண்டாட்டியையே இல்லைன்னு முத்திரை குத்துனீங்களா?" சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பக்கத்துக் கவுண்டரிலும் சிரித்தார்கள். பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "மனு ஒன்னு எழுதிக் குடுங்கம்மா. அடுத்த குலுக்கல்ல சேத்துருவாங்க."

"அது எப்பங்க?"

"அது எங்க கையில இல்லை. போன குலுக்கலுக்கு அப்புறம் இதுக்கு ஏழு வருஷம் ஆச்சு."

அவள் மனு எழுதினாள். எழுதும்போது தயவுசெய்து என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

பேருந்தில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். இடம் காலியான பிறகும் உட்காரவில்லை. கடிதம் தன் பெயருக்கு வரும் என்றே இத்தனை நாளும் அவர் எதிர்பார்த்திருந்தார். விண்ணப்பம் அவளுடையது என்பது தெரியும், பட்டியலில் எண்ணைப் பார்த்ததும் அவர்தான். ஆனால் கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அந்த வீட்டுக்கு, எந்த வீட்டுக்கும், அவள் பெயரில் ஒரு கவர் வந்ததில்லை. அவளுடைய சொந்தக்காரர்கள் போடுகிற கல்யாணப் பத்திரிகைகூட அவர் பெயருக்கு, குடும்பத்தினருக்கு என்றுதான் வரும்.

"ஏதாவது திட்டேன்," என்றார்.

"திட்டி?" அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏழு வருஷத்துக்குத் திட்டணும். வாய் வலிக்கும்."

இரண்டு நிறுத்தம் போனது.

"நான் எழுதிக்கிட்டு இருந்தப்ப ஒவ்வொன்னயும் படிப்பேன்," என்றாள்.

"அத நாளைக்கே தூக்கிப் போட்டுர்றேன்."

"எத? முத்திரையவா? அப்ப நாளைக்கு வர்ற கவர்ல என்னத்தக் குத்துவீங்க? இன்னும் எத்தனை வருஷம் அங்க இருக்கணுமோ."

இறங்கும்போது அவர் கை நீட்டினார். முட்டி வலிக்கிற காலை ஊன்றிக்கொண்டு அவளே இறங்கினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தான். முதல்முறையாக ஹெல்மெட் மடியில் இருந்தது. தலை முன்பக்கம் வழுக்கை. நினைத்ததைவிட வயதானவன், களைத்துப்போனவன்.

"வாங்கம்மா. ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன். சார் இருக்காரான்னு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க. அங்க யாரு குடியிருக்காங்கன்னாவது எழுதிட்டு வா, இல்லாட்டி நீ போனதா கணக்கே இல்லைங்கிறாரு மேனேஜர். போன மாசமே எனக்கு அரைச் சம்பளம்தான். நீங்க யாருன்னு சொல்லுங்க, போதும்."

"அதெல்லாம் சொல்ல முடியாது," என்றார் முத்திரைக்காரர். "ஒப்பந்தம் மாட்டியிருக்கு. அதப் பாத்து என் பேரை எழுதிக்கங்க."

"உங்க பேரு எழுதியாச்சு சார். அந்தம்மாதான் எப்பவும் கதவத் திறக்கிறாங்க. அவங்க பேரு?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். அப்பா பெயரோடு சேர்த்து, சான்றிதழில் உள்ளபடி.

"வேண்டாம்மா," என்றார் அவர் மெதுவாக.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "எழுதுங்க," என்று ஹெல்மெட்டிடம் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் எழுதியதை எட்டிப் பார்த்து ஓர் இடத்தில் திருத்தச் சொன்னாள். "இங்கதான் இருக்கேன்னு போடுங்க. மூணாவது மாடி. பகல் முழுக்க இருப்பேன்."

அவன் எழுதிக்கொண்டு, நன்றிம்மா என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் முத்திரைக்காரர் கீழே பெட்டியைத் திறந்தபோது நான்கு கவர் இருந்தன. மேலே இருந்தது அவள் பெயருக்கு. வண்டிக் கடன் நிறுவனம் அனுப்பியிருந்தது. கண்ணாடித்தாள் வழியாகப் பெயரும் அதற்குக் கீழே இரண்டு வரியும் தெரிந்தன. மேற்படி கடன்தாரர் கடைசியாக வசித்த முகவரியில் தற்போது வசிக்கும் தாங்கள், அவர் இருப்பிடத்தை ஏழு நாளுக்குள் தெரிவிக்கத் தவறினால். மிச்சம் மடிப்புக்குள் போயிருந்தது.

கடைக்கு நேரமாகிவிட்டது. அவர் திரும்ப மூன்று மாடியும் ஏறினார்.

அவள் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டுக் கவரை வாங்கினாள். பெயரின் மேல் கண்ணாடித்தாளோடு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"சரியா அடிச்சிருக்கான்," என்றாள்.

"பிரிச்சுப் பாரேன்."

"உள்ள என்ன இருக்கும்னு தெரியாதா?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அதிலிருந்த பிஸ்கட்டுகளை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவைத் துணியால் துடைத்து, கவரைப் பிரிக்காமல் உள்ளே வைத்து மூடினாள். திரும்ப வந்து உட்கார்ந்து ஊசியை எடுத்தாள்.

"நேரமாச்சு. போங்க."

அவர் இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் நின்று, பையிலிருந்த மூன்று கவரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். மூன்றும் அந்த ஆளுக்குத்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.